உராய்வு என்று சொல்லிவிட்டால் போதுமா?

(இரண்டாமாண்டு பி.எஸ்சி., இயற்பியல்)

சிவகாசி வட்டாரத்தில் பிறந்தவர்களுக்கு உராய்வைப் பற்றிப் பாடம் நடத்த வேண்டியதில்லை. 1922-ஆம் ஆண்டில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குச் சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்தார்கள். அன்று தொட்டு இந்த மானாவாரி மண்ணில் அடுப்பு எரிவதே உராய்வின் தயவால்தான். குச்சியின் தலையில் பொட்டாசியம் குளோரேட்டு. பெட்டியின் பக்கவாட்டில் சிவப்புப் பாஸ்பரசும் கண்ணாடித் தூளும். இரண்டும் உரசினால் தீ. அதே உராய்வு பட்டாசு ஆலைக்குள் நுழைந்தால் எமன். ஆகவேதான் மருந்து கலக்கும் அறையில் இரும்புக் கருவிக்கு இடமில்லை. தரையில் ரப்பர் விரிப்பு விரிக்கிறார்கள்.

இவ்வளவு அறிந்த நாம் ஒரு தவற்றை மட்டும் விடாமல் செய்து வருகிறோம். ஏதேனும் கெட்டுப் போனால் 'உராய்வு' என்று ஒரு சொல்லைச் சொல்லிக் கணக்கை மூடிவிடுகிறோம். 2012-இல் முதலிப்பட்டி, 2021-இல் அச்சங்குளம் என்று ஊர்ப்பெயர்தான் மாறுகிறது. விபத்துச் செய்திகளைப் புரட்டினால் 'உராய்வு காரணமாக' என்ற தொடர் எத்தனை முறை கண்ணில் படுகிறது! எந்த விபத்துக்கு எது காரணம் என்று தீர்ப்புக் கூற எனக்குத் தகுதி இல்லை. ஆனால் உராய்வு நிகழ்ந்தது என்பது செய்தியே தவிரக் காரணம் ஆகாது. ஏன் நிகழ்ந்தது என்று கேட்கும்போதுதான் காரணம் பிடிபடத் தொடங்குகிறது.

நான் எழுத வந்தது பட்டாசைப் பற்றி அன்று. காரின் பிரேக் பேடைப் பற்றி. 'இதற்கென்ன கட்டுரை? தேய்ந்தால் மாற்ற வேண்டியதுதானே?' என்று வாசகர்கள் கேட்கலாம். நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன், என் தாய்மாமா ஒரு கேள்வி கேட்கும் வரையில்.

மாமா சிவகாசியில் வாடகைக் கார் ஓட்டுகிறார். தீபாவளிக்கு முந்தைய மாதங்களில் வடநாட்டு வியாபாரிகளை ஆலைக்கு ஆலை அழைத்துச் செல்வார். மற்ற நாட்களில் குற்றாலம், கொடைக்கானல், திருச்செந்தூர் என்று சவாரி. அவருடைய காரில் கம்பெனி போட்டு அனுப்பிய முன்சக்கர பேடுகள் 38,000 கிலோமீட்டர் உழைத்தன. ஊரில் ஓர் ஒர்க் ஷாப்பில் புதிய பேடு மாற்றினார். அது 11,000 கிலோமீட்டரில் தேய்ந்தது. மறுபடியும் மாற்றினார். அது 9,000-இல் தேய்ந்தது. 'பேட் குவாலிட்டி இல்லை அண்ணாச்சி, விலை கூடினதாப் போடுவோம்' என்றார்கள். விலை கூடியதையும் போட்டாயிற்று.

எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான் என்பதால், கரண்ட் பில் முதல் கண் மருந்து வரை எல்லாவற்றுக்கும் விளக்கம் கேட்டு என்னிடம் வருவார்கள். மாமாவும் வந்தார்.

"பாப்பா, நீ பிசிக்ஸ் படிக்கிறேல்ல? இந்தப் பேடு ஏன் இம்புட்டுச் சீக்கிரம் தேயுது?"

"உராய்வு மாமா" என்றேன். சாய்தளத்தில் மரக்கட்டையை வைத்து உராய்வுக் கெழு கண்டு பதிவேட்டில் எழுதிய பெருமை எனக்கு.

"அது எனக்குத் தெரியாதாக்கும்? உராய்வுன்னா ரெண்டு சக்கரத்துலயும்ல தேயணும். இடது சக்கரத்துல மட்டும் ஏன் தேயுது?"

எனக்கு விடை தெரியவில்லை. விடையை நெருங்குவதற்குள் ஒரு சோதனையும் வந்து சேர்ந்தது. சென்ற மே மாதம் ஒரு குடும்பத்தை ஏற்றிக்கொண்டு கொடைக்கானலில் இருந்து வத்தலக்குண்டை நோக்கி இறங்கினார் மாமா. டம்டம் பாறைக்குச் சற்று மேலே பிரேக் பெடல் பஞ்சு போல அமுங்கியது. கால் முழுவதும் உள்ளே போயிற்று, வண்டி நிற்கவில்லை. பின்னால் ஒரு குழந்தை உறங்கிக்கொண்டிருந்ததாம். கியரை இரண்டுக்கும் ஒன்றுக்குமாக இறக்கி, கைப்பிரேக்கைச் சிறிது சிறிதாக இழுத்து, மலைப்பக்கத்து ஓடையில் சக்கரத்தை விட்டு நிறுத்தினார். இடது முன்சக்கரத்தில் இருந்து கருகிய நாற்றம். அரைமணி நேரம் கழித்து மிதித்துப் பார்த்தால் பெடல் மறுபடியும் கெட்டியாக நின்றது! வண்டியில் இருந்தவர்களுக்கு நடந்தது என்னவென்று இன்றுவரை முழுதாகத் தெரியாது.

ஊர் திரும்பியதும் பழைய ஒர்க் ஷாப்புக்குப் போகாமல், சாத்தூர் சாலையில் ஒரு தகரக் கொட்டகையில் வேலை பார்க்கும் வயதான மெக்கானிக்கிடம் வண்டியை விட்டார். நானும் உடன் சென்றேன். அவர் செய்ததை வரிசையாகச் சொல்கிறேன். நம் ஆய்வகத்தில் செய்யும் சோதனைகளுக்கு அது எவ்விதத்திலும் குறைந்தது அன்று.

முதலில் பேடைக் கழற்றவில்லை. முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி இரு சக்கரங்களையும் கையால் சுற்றிவிட்டார். வலது சக்கரம் இரண்டு மூன்று சுற்றுச் சுற்றி ஓய்ந்தது. இடது சக்கரம் அரைச் சுற்றில் நின்றது. பெடலில் யாரும் கால் வைக்கவில்லை. ஆனாலும் பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது! பிறகு காலிப்பரில் காற்று எடுக்கும் திருகைச் சற்றே தளர்த்தினார். இரண்டு சொட்டு பிரேக் ஆயில் வந்தது. மறுபடியும் சக்கரத்தைச் சுற்றினார். அதே இறுக்கம்.

"ஆயில் பிரஷர் உள்ளே மாட்டிக்கிட்டு இருந்தா, திருகைத் திறந்ததும் சக்கரம் லேசாயிரும் பாப்பா. அப்ப ஹோஸ் பைப்பைச் சந்தேகப்படணும். உள்பக்க ரப்பர் உப்பிப் போனா, போற ஆயில் திரும்பி வராது. இது லேசாகல. அப்ப வியாதி காலிப்பர்லதான்" என்றார்.

பிறகுதான் பேடைக் கழற்றினார். இரண்டையும் ஒரு பழைய செய்தித்தாளின்மீது பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். உள்பக்கத்து பேடில் மருந்தே இல்லை. இரும்புத் தகடு டிஸ்க்கை அறுத்து வரிவரியாகக் கோடு போட்டிருந்தது. வெளிப்பக்கத்து பேடில் பாதிக்குமேல் மருந்து மிச்சம். ஒரே நாளில் மாட்டிய ஒரு ஜோடி!

இங்கே காலிப்பர் வேலை செய்யும் விதத்தைச் சொல்லியாக வேண்டும். பெரும்பாலான சிறு கார்களில் பிஸ்டன் ஒன்றுதான். அது உள்பக்கம் இருக்கிறது. பெடலை மிதித்ததும் பிஸ்டன் உள்பேடை டிஸ்க்கின்மேல் தள்ளும். அதன் எதிர்விசையால் காலிப்பர் முழுவதும் உள்நோக்கி நகர்ந்து, வெளிப்பேடையும் இழுத்து டிஸ்க்கோடு அழுத்தும். நியூட்டனின் மூன்றாம் விதி சக்கரத்துக்குள் உட்கார்ந்திருக்கிறது. இந்த நகர்வுக்குத் துணையாக இரண்டு வழுக்குப் பின்கள் உண்டு. பெடலை விட்டதும், பிஸ்டனைச் சுற்றியுள்ள சதுர வெட்டு ரப்பர் வளையம் முறுக்கவிழ்ந்து பிஸ்டனை மயிரிழை அளவு பின்னுக்கு இழுக்கும். அந்த மயிரிழை இடைவெளிதான் பேடின் ஆயுள்.

மாமாவின் காரில் கீழ்ப்பின் கையோடு வந்தது. மேல்பின்னைச் சுத்தியலால் தட்டித்தான் எடுக்க முடிந்தது. அதன்மேல் இருந்த ரப்பர், ஊறவைத்த கொண்டைக்கடலையைப் போல உப்பியிருந்தது. மெக்கானிக் அதை விரலில் தேய்த்து முகர்ந்தார். "வீல் பேரிங்குக்குப் போடுற கிரீஸை இதுல அப்பியிருக்காங்க" என்றார். பிரேக்கில் உள்ள ரப்பருக்குப் பெட்ரோலிய எண்ணெய் ஆகாது, பட்டால் ஊதிவிடும். அந்த இடத்துக்கென்று சிலிக்கான் கிரீஸ் தனியே விற்கிறது. சிறு டியூப்தான்.

ஆக, நோய் எப்போது வந்தது? முதல் பேடு 38,000 கிலோமீட்டர் உழைத்ததே, அதன்பின் வந்தது. அதாவது முதல் வைத்தியத்தின் போதே நோயும் ஊசியேற்றப்பட்டுவிட்டது! அதற்குப் பிறகு மாட்டிய ஒவ்வொரு பேடும், இறுகிப்போன பின்னுக்குப் படைத்த பலி. மூன்று முறை பேடை மாற்றியவர்களில் ஒருவரேனும் கழற்றிய இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்திருந்தால் போதும், டம்டம் பாறை நிகழ்ந்திராது.

தேய்ந்த பேடு பேசும் என்கிறார் அந்த மெக்கானிக். ஒரே சக்கரத்தில் உள்பேடும் வெளிப்பேடும் ஏற்றத்தாழ்வாகத் தேய்ந்தால் பின்னையோ பிஸ்டனையோ பார்க்க வேண்டும். ஒரே பேடு மேலே கனமாகவும் கீழே மெலிந்தும் சாய்வாகத் தேய்ந்தால் ஒரு பின் மட்டும் இறுகியிருக்கலாம். ஒரு சக்கரத்தின் இரு பேடுகளும் மறு சக்கரத்தைவிட முந்தித் தேய்ந்தால் ஹோஸையும் காலிப்பரையும் ஐயுற வேண்டும். இரு சக்கரங்களிலும் ஒன்றுபோல் விரைவில் தேய்ந்தால் வண்டியில் குற்றம் தேடும் முன் ஓட்டுபவரின் காலைப் பார்க்க வேண்டும். இன்னொன்றும் சொன்னார், அது எனக்குப் புதிது. நம் ஊர்க் கார்களில் பல, முன்னே டிஸ்க்கும் பின்னே டிரம்மும் உடையவை. பின் டிரம்மில் ஷூ தேயத் தேய இடைவெளியைச் சரிசெய்யும் சிறு பொறி தூசியால் சிக்கிக்கொண்டால், பின்பிரேக் பெயருக்கு மட்டும் இருக்கும். ஏற்கெனவே பெரும்பங்கு சுமக்கும் முன்பேடுகள் பின்னவர் பங்கையும் சேர்த்துச் சுமக்கும். முன்பேடு தேய்ந்ததற்குக் காரணம் பின்சக்கரத்தில்! கரிசல் புழுதியிலும் மழைக்காலச் சகதியிலும் ஓடும் நம் வண்டிகளில் இது அரிதன்று என்றார்.

நான் மாமாவிடம் 'உராய்வு' என்று சொன்ன விடைக்கு வருகிறேன். பாடநூலில் உள்ள உராய்வு விதி, விசை எவ்வளவு என்று மட்டுமே கூறுகிறது. அமோன்டன் 1699-இல் சொன்னதும், கூலும் பின்னர் விரித்ததும் அதுவே. பொருள் எவ்வளவு தேயும் என்பது வேறு கணக்கு. ஆர்ச்சர்டு என்ற ஆங்கிலேயர் 1953-இல் தந்த வாய்பாட்டின்படி, தேய்மானம் அழுத்தும் விசையையும் உரசிச் செல்லும் தொலைவையும் பொறுத்தது. இப்போது மாமாவின் காரை எண்ணிப் பாருங்கள். நல்ல சக்கரத்து பேடு, பெடலை மிதிக்கும் சில விநாடிகளுக்கு மட்டும் உரசுகிறது. இறுகிய சக்கரத்து பேடு சிவகாசியில் இருந்து திருச்செந்தூர் வரை முழுத் தொலைவும் உரசிக்கொண்டே போகிறது. மெல்லிய விசைதான், ஆனால் தொலைவு? எங்கள் துறையில் உராய்வைச் சொல்லித் தருகிறார்கள், தேய்மானத்தைச் சொல்லித் தருவதில்லை. ஒரு பேடை எடை போட்டு, ஓடவிட்டு, மறுபடியும் எடை போடும் சோதனையை நம் ஆய்வகத்தில் வைத்தால் என்ன? தராசு இருக்கிறது.

அடுத்து வெப்பம். பிரேக் என்பது வண்டியின் இயக்க ஆற்றலை வெப்பமாக மாற்றும் கருவியே அன்றி வேறில்லை. ஆட்களோடு 1,200 கிலோ எடையுள்ள கார், மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் இருந்து நிற்கிறது என்று கொள்வோம். ஏறக்குறைய 296 கிலோஜூல் வெப்பம் பிறக்கும். ஒரு லிட்டர் தண்ணீரை 30 டிகிரியில் இருந்து கொதிநிலைக்குக் கொண்டுவர இது போதும்! அதே கார் 40-இல் இருந்து நின்றால் 74 கிலோஜூல்தான். வேகம் பாதி, வெப்பம் கால். நான்குவழிச் சாலையில் பறந்து வந்து, விருதுநகர் விலக்கில் முன்வண்டியின் முதுகை முட்டுவது போல் மிதிப்பவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்கலாம்.

கொடைக்கானல் கணக்கு இன்னும் பயங்கரம். மலைக்கும் வத்தலக்குண்டுக்கும் இடையே உயர வேறுபாடு ஏறத்தாழ 1,800 மீட்டர். இறங்கும்போது அந்தக் கார் இழக்கும் நிலையாற்றல் 21,000 கிலோஜூலுக்குமேல். எழுபத்திரண்டு லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கலாம். காற்றும் எஞ்சினும் ஒரு பங்கை வாங்கிக்கொள்ளும். கியரில் இறங்கினால் எஞ்சினின் பங்கு பெரிது. நியூட்ரலில் இறங்கினால் எஞ்சின் ஒன்றும் வாங்காது. காற்றின் பங்கு போக மிச்சம் முழுவதும் சக்கரத்தின் தலையில். டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் இறங்குவோரும், அதற்கும் ஒரு படி மேலே போய்ச் சாவியை அணைத்துவிட்டு இறங்குவோரும் நம்மிடையே உண்டு. எஞ்சின் அணைந்தால் பிரேக்குக்குத் துணைநிற்கும் வெற்றிடம் இரண்டு மூன்று மிதியில் தீர்ந்துவிடும். பிறகு பெடல் கல்லாகும். ஏறிய கியரிலேயே இறங்கு என்று பழைய டிரைவர்கள் சொல்வது அனுபவம் மட்டுமன்று, ஆற்றல் அழியாமை விதியும் ஆகும்.

பேடில் உள்ள பொருள்களைக் கட்டி வைத்திருப்பது பெரும்பாலும் பினாலிக் ரெசின் என்ற பசை. சூடு அளவுக்கு மிஞ்சினால் அந்தப் பசையே கருகும்; பிறகு தேய்மானம் படிப்படியாக ஏறாது, பாய்ந்து ஏறும். பிரேக் ஆயிலும் அப்படித்தான். டாட் 3 என்ற வகை புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காது. ஆனால் அது காற்றின் ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது; ஈரம் ஏறியபின் 140 டிகிரியே எல்லை என்றாகிவிடும். டாட் 4-க்கு இவை 230, 155. ஆயில் கொதித்துக் குமிழி வந்தால், பெடல் அழுத்துவது ஆயிலை அன்று, ஆவியை. டம்டம் பாறையில் பெடல் பஞ்சானதற்கும், அரைமணி நேரத்தில் கெட்டியானதற்கும் இதுவே விளக்கம். மாமாவின் காரில் ஆயிலைக் கடைசியாக எப்போது மாற்றினார்கள் என்று கேட்டேன். 'ஆயிலை மாத்துவாங்களா? குறைஞ்சா ஊத்துவாங்க' என்றார். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுவது நலம் என்று அன்றுதான் அறிந்தார்.

மாமாவையும் நான் விடுவதாக இல்லை. கிளட்சில் ஒரு காலும் பிரேக்கில் ஒரு காலுமாக ஓட்டும் பழக்கம் அவருக்கு உண்டு. வேகத்தடைக்கு வேகத்தடை ஆக்சிலேட்டரை மிதித்து, உடனே பிரேக்கை மிதிப்பார். குற்றாலத்தில் இறங்கியதும் முதல் வேலையாகச் சூடான சக்கரத்தின்மேல் வாளித் தண்ணீரை வீசுவார்; டிஸ்க் கோணிப்போக அதைவிடச் சிறந்த வழி இல்லை. புதுப் பேடு மாட்டிய முதல் சில நூறு கிலோமீட்டருக்கு மெதுவாக மிதித்துப் பழக்க வேண்டும் என்று யாரும் அவருக்குச் சொன்னதில்லை. கோடு விழுந்த பழைய டிஸ்க்கின்மேலேயே புதுப் பேடை மாட்டியதும் ஒரு குற்றம். அம்மிக்கல்லைப் போலக் கொத்துப்பட்ட டிஸ்க் புதுப் பேடை அரைக்காமல் என்ன செய்யும்?

என் கருத்து எதுவென்றால், இதில் ஒர்க் ஷாப்காரர்களை மட்டும் ஏசிப் பயன் இல்லை. நம் ஊரில் பொருளுக்கு விலை உண்டு. பார்ப்பதற்குக் கூலி இல்லை. பேடு இரண்டாயிரம் ரூபாய் என்றால் மறுபேச்சின்றித் தருகிறோம். 'பின்னைக் கழற்றிச் சுத்தம் செய்து கிரீஸ் போட்டேன், இருநூறு' என்றால், 'சும்மா தொடச்சு விட்டதுக்கா?' என்று சண்டைக்குப் போகிறோம். கொட்டகைப் பையன் என்ன செய்வான்? பழையதைக் கழற்றிக் கழிவு டப்பாவில் எறிவான், புதியதை மாட்டுவான், அடுத்த வண்டிக்குப் போவான். சோதித்து நோயறியும் டாக்டருக்குப் பீஸ் கொடுக்காமல் மாத்திரைக்கு மட்டும் காசு கொடுத்தால் எத்தகைய வைத்தியம் கிடைக்குமோ, அத்தகைய வைத்தியம்தான் நம் வண்டிகளுக்குக் கிடைக்கிறது. 'நேரம் இல்லை, வண்டி நின்றால் அன்றைய பிழைப்பு நிற்கும்' என்று வாடகைக் கார் ஓட்டுநர்கள் கூறுவது உண்மை. ஆனால் ஓராண்டில் இருமுறை கூடுதலாகப் பேடு மாற்ற வண்டி நின்றதே, அந்த நேரம் எந்தக் கணக்கில் சேரும்?

அரசின் பரிசோதனையைச் சிலர் நினைவூட்டலாம். வாடகை வண்டிக்குத் தகுதிச் சான்று வேண்டும். சொந்தக் காருக்கோ, பதிவு பதினைந்து ஆண்டுக்குச் செல்லும். அத்தனை ஆண்டும் அதன் பேடைப் பார் என்று சட்டம் யாரையும் அனுப்பாது. உரிமையாளரே குனிந்து பார்த்தால்தான் உண்டு. பல கார்களில் சக்கரத்தின் ஓட்டை வழியாகவே டார்ச் அடித்து வெளிப்பேடின் கனத்தைப் பார்த்துவிடலாம். புதிதில் பத்து மில்லிமீட்டர் அளவில் இருக்கும் மருந்து மூன்றுக்கு வந்துவிட்டால் காலம் கடத்தக் கூடாது. ஆனால் மாமாவின் கார் கற்பித்த பாடம், வெளிப்பேடு மட்டும் பார்த்தால் ஏமாறலாம் என்பது.

பேடின் தரத்தைப் பற்றியும் ஒரு சொல். அட்டைப்பெட்டியில் அச்சு அழகாக இருந்தால் அசல் என்று நம்பிவிடக் கூடாது. அச்சுக்கலையில் நம் ஊர் எப்பேர்ப்பட்டது என்று நமக்கே தெரியாதா? கெட்டியான பேடே நல்ல பேடு என்ற எண்ணமும் தவறு. அது தான் தேயாமல் டிஸ்க்கைத் தேய்க்கும். இந்தப் பொருளின் வரலாறே சுவையானது. 1888-இல் பெர்தா பென்ஸ் என்ற அம்மையார் கணவர் செய்த காரில் ஜெர்மனியில் நெடும்பயணம் போனபோது, மரக்கட்டை பிரேக் தேய்ந்துபோக, வழியில் செருப்புத் தைப்பவரிடம் சொல்லித் தோல் அடித்துக்கொண்டாராம். இன்று ஒரு பேடில் பல பொருள்கள் சேர்கின்றன. அவற்றில் சில நமக்கு உறவுக்காரர்கள். பச்சை ஒளிக்காகப் பட்டாசில் சேர்ந்த பேரியம் நைட்ரேட்டின் தம்பி பேரியம் சல்பேட் பேடில் நிரப்புப் பொருளாக வருகிறது. தீப்பெட்டித் தொழில் அறிந்த அஞ்சனக்கல், அதாவது ஆன்டிமனி சல்பைடு, சில பேடுகளில் உராய்வைச் சீராக்கச் சேர்கிறது. பிரேக் லைனிங் செய்யும் தொழிலும் நமக்குத் தொலைவில் இல்லை; நம் மாவட்டத்து முஷ்டக்குறிச்சியிலேயே சுந்தரம் பிரேக் லைனிங்ஸ் நிறுவனத்தின் ஆலை உண்டு. பேடின் தூசியை மட்டும் வாயால் ஊதவோ ஏர் அடித்துப் பறக்கவிடவோ வேண்டாம் என்று கொட்டகைத் தம்பிகளைக் கேட்டுக்கொள்கிறேன். சில மலிவான லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும். ஈரத்துணியால் துடைப்பதே நெஞ்சுக்கு நல்லது. தூசி நெஞ்சில் இறங்கினால் என்னாகும் என்பதை மருந்து அறையில் வேலை பார்த்தவர்கள் சொல்வார்கள்.

இத்தனையும் ஒரு காரோடு முடிந்துவிடும் செய்தி என்றால் கல்லூரி மலரில் இடம் கேட்டிருக்க மாட்டேன். விடிகாலையில் வெம்பக்கோட்டை, சாத்தூர்ப் பக்கத்துக் கிராமங்களில் இருந்து ஆலைகளுக்குப் பெண்களை ஏற்றிக்கொண்டு வரிசையாக வேன்கள் வருகின்றன. எங்கள் தெருவில் இருந்தும் இருபது பேர் அப்படித்தான் போகிறார்கள். ஆலைக்குள் அவர்கள் கையில் இரும்பு படக்கூடாது என்று விதி இருக்கிறது. அவர்களை ஏற்றிவரும் வேனின் பிரேக்கில் இரும்பும் இரும்பும் உரசுகிறதா என்று குனிந்து பார்ப்பவர் யார்? சரக்கு ஏற்றிச் செல்லும் லாரிகளைச் சொல்லவே வேண்டாம். விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும் பிரேக் டிரம், டயரையே பற்றவைக்கும் அளவுக்குச் சூடேறக்கூடியது. மேலே இருப்பது நெல் மூட்டை என்றால் அது நஷ்டம். மேலே இருப்பது நம் ஊர்ச் சரக்கு என்றால்? வேனிலும் லாரியிலும் பிரேக்கின் அமைப்பு வேறாக இருக்கலாம். கேட்க வேண்டிய கேள்வி வேறன்று. பக்கத்துச் சக்கரத்தைவிட இது மட்டும் ஏன் சூடாக இருக்கிறது? ஓட்டுநர் டீ குடிக்க நிறுத்தும்போது, சக்கரத்தைத் தொடாமல், அருகில் புறங்கையைக் காட்டிச் சுற்றி வந்தால் இரண்டு நிமிடம் ஆகும். அந்த இரண்டு நிமிடத்தை ஆலை நிர்வாகம் ஓட்டுநரின் வேலையாக எழுதி வைக்கட்டும். அதற்குரிய கூலியும் தரட்டும். கழற்றிய பேடையும் ஷூவையும் வண்டிக்காரரிடம் திருப்பித் தராமல் பில் எழுதக் கூடாது என்று மெக்கானிக் சங்கங்களும் ஒரு வழக்கத்தைக் கொண்டுவரட்டும்.

மாமாவின் காரில் இரண்டு பின்களும் அவற்றின் ரப்பரும் மாற்றி, புது டிஸ்க் போட்டு, பிரேக் ஆயில் முழுவதையும் எடுத்துவிட்டுப் புதிது ஊற்றி, பின் டிரம்மையும் பிரித்துச் சுத்தம் செய்தார் அந்த மெக்கானிக். கூலி சொன்னபோது மாமா வழக்கம்போல் வாயெடுத்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கொடுத்தார். போன வாரம் அந்த வண்டி 14,000 கிலோமீட்டர் முடித்தது. சக்கரத்தைக் கழற்றி நானே ஸ்கேல் வைத்துப் பார்த்தேன். இடது உள்பேடு ஏழு மில்லிமீட்டர், வெளிப்பேடு ஏழரை. வலதிலும் ஏறக்குறைய அவ்வளவே. இரும்பு தெரிந்த அந்தப் பழைய பேடையும் பாதி மிச்சமிருந்த அதன் ஜோடியையும் மாமா டிக்கியில் ஒரு துணியில் சுற்றி வைத்திருக்கிறார். கார் ஸ்டாண்டில் யாராவது 'பேடு நிக்க மாட்டேங்குது' என்று புலம்பினால் எடுத்துக் காட்டுகிறார்.